ஆச்சி வீட்டுக் கைப்பேசி

மும்பையில், தாராவியின் 90 அடி சாலைக்குப் பின்புறம் உள்ள ஒரு பால்வாடி அறையில், பெற்றோரை விட்டு உறவினர் வீட்டில் வளரும் பிள்ளைகளின் பராமரிப்பாளர்களுக்காக மாதம் இரண்டு சனிக்கிழமைகளில் நான் கூட்டம் நடத்தி வருகிறேன். வருகிறவர்களில் பெரும்பாலோர், திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து இரண்டு மூன்று தலைமுறைகளாக இங்கே வாழும் குடும்பங்களின் ஆச்சிகள். சித்தி, அத்தை, தாய்மாமன் என்று சிலரும் உண்டு. பெற்றவர்கள் இறந்தோ, பிரிந்தோ, வளைகுடாவுக்கு வேலைக்குப் போயோ இவர்கள் கைக்கு வந்து சேர்ந்தவர்கள்தான் இந்தப் பிள்ளைகள். 2020-இல் ஊரடங்கு வந்து பள்ளிப் பாடம் கைப்பேசிக்கு மாறியபோது இந்த வீடுகளுக்குள்ளும் கைப்பேசி நுழைந்தது. பள்ளிகள் திறந்த பிறகும் அது வெளியேறவில்லை.

இணையப் பாதுகாப்பு பற்றி முதலில் பேசத் தொடங்கியபோது, நான் கற்றிருந்ததை அப்படியே சொல்லிக்கொடுத்தேன். பிளே ஸ்டோருக்கு இரகசிய எண் போடுவது, தெரியாதவர்கள் பிள்ளையை வாட்ஸ்அப் குழுக்களில் சேர்க்க முடியாதபடி அமைப்பை மாற்றுவது, இரவில் கைப்பேசியை வாங்கிச் சோதிப்பது ஆகியவை அந்தப் பாடத்தில் இருந்தன. 13 வயதுப் பேத்தியை வளர்க்கும் ஓர் ஆச்சி, நான் சொன்னதை ஒரு நாள் தவறாமல் செய்தார். அவருக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது என்பதால், பக்கத்துக் கோலியில் (ஓரறை வீட்டில்) இருந்த கல்லூரிப் பையனைக் கூப்பிட்டு, பேத்திக்கு வந்த செய்திகளை ஒவ்வோர் இரவும் சத்தமாகப் படிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார். அந்தப் பிள்ளைக்கு அது எப்படி இருந்திருக்கும் என்பதை நான் அப்போது நினைத்துப் பார்க்கவில்லை. அவள் வீட்டுக் கைப்பேசியைத் தொடுவதை விட்டுவிட்டு, தோழியின் கைப்பேசியில் தனக்கொரு இன்ஸ்டாகிராம் கணக்கைத் திறந்துகொண்டாள். (அவள் யாரென்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றியே எழுதுகிறேன்.)

அந்தக் கணக்கில்தான், பத்தாம் வகுப்பு மாணவன் என்று சொல்லிக்கொண்ட ஒருவன் அறிமுகமானான். பேச்சு வளர்ந்தது, ஒரு படம் கேட்டான், அவள் அனுப்பினாள், அடுத்த நாளே, இன்னும் அனுப்பாவிட்டால் பள்ளியில் எல்லோருக்கும் காட்டுவேன் என்றான். ஏறத்தாழ மூன்று வாரம் அவள் அதை யாரிடமும் சொல்லவில்லை. பின்னால் என்னிடம் பேசியபோது, ஆச்சி அடிப்பார் என்பது தனக்குப் பெரிய பயமாக இல்லை என்றாள். ஆச்சி தன்னை ஊருக்கு அனுப்பிவிடுவார் என்பதுதான் முதல் பயம். குவைத்தில் வீட்டுவேலை செய்யும் அம்மா வெள்ளிக்கிழமைதோறும் அழைப்பது வீட்டில் இருந்த அதே கைப்பேசியில்தான். அதைப் பிடுங்கிவிட்டால் அம்மாவும் போய்விடுவாள் என்பது இரண்டாவது.

உறவினர் வீட்டில் வளரும் பிள்ளையின் நிலைமை இதில்தான் வேறுபடுகிறது என்று நான் கருதுகிறேன். பெற்றோரிடம் வளரும் பிள்ளைக்குக் கைப்பேசியைப் பறித்தால் ஒரு பொழுதுபோக்கு போகும். இந்தப் பிள்ளைக்குத் தாயின் குரலே போய்விடும். தவிர, எவ்வளவு பாசமாக வளர்த்தாலும், தான் இங்கே இருப்பது இவர்களுடைய தயவால்தான் என்ற எண்ணம் அதன் மனத்தில் ஒரு மூலையில் கிடக்கிறது. மிரட்டுகிறவனுக்கு இந்த இரண்டு பயங்களுமே உதவி செய்கின்றன.

அந்த ஆச்சிக்கு விஷயம் தெரிந்தது, தோழியின் சித்தி வந்து சொன்னபோதுதான். மறுநாள் காலையில் என்னிடம் வந்தவர், பேத்தியைப் பற்றி ஒரு குறையும் சொல்லாமல், "நான் பெத்தவ இல்லியே டீச்சர், ஸ்டேஷன்ல எம் பேச்சு எடுபடுமா?" என்று மட்டும் கேட்டார். இந்தக் கேள்வியைப் பின்னர் பல வீடுகளில் கேட்டுவிட்டேன். தத்துப் பத்திரமோ நீதிமன்ற ஆணையோ இல்லாமல் வளர்ப்பவர்கள், தங்களுக்குப் புகார் கொடுக்கும் உரிமையே இல்லை என்று நம்புகிறார்கள். பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் அப்படிச் சொல்லவில்லை. அதன் 19-ஆம் பிரிவின்படி யார் வேண்டுமானாலும், அந்தப் பிள்ளையேகூட, தகவல் கொடுக்கலாம். குற்றம் நடந்ததை அறிந்தவர் அறிவித்தே ஆக வேண்டும். பிள்ளையின் வாக்குமூலத்தை அது வசிக்கும் இடத்திலோ விரும்பும் இடத்திலோ, இயன்றவரை ஒரு பெண் அதிகாரி, சீருடை அணியாமல் பதிவு செய்ய வேண்டும் என்று 24-ஆம் பிரிவு கூறுகிறது. இதை நான் விளக்கியபோது அந்த ஆச்சி இரண்டு முறை திருப்பிக் கேட்டுக்கொண்டார். சீருடை இல்லாமல் வருவார்கள் என்பதே அவருக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

அன்றே குழந்தைகளுக்கான உதவி எண்ணான 1098-ஐ அழைத்தோம். 1996-இல் இதே மும்பையில் டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தின் களப்பணியாகத் தொடங்கிய எண் அது. எந்த நேரத்திலும் கட்டணமின்றி அழைக்கலாம். மிரட்டியவனின் கணக்குப் பெயர், அவன் எழுதியவை, நாள், நேரம் எல்லாவற்றையும் குறித்துக்கொண்ட பிறகே அவனைத் தடுத்தோம். குடும்பத்தார் முதலில் செய்ய நினைத்தது போல எல்லாவற்றையும் அழித்திருந்தால் காவல்துறையிடம் காட்ட ஒன்றும் இருந்திருக்காது. ஆனால் அந்தப் படத்தை மட்டும், உதவி கேட்பதற்காகக்கூட, உறவினர் யாருக்கும் அனுப்பக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னேன்; தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவில் அதுவே குற்றமாகிவிடும். 18 வயதுக்குட்பட்டவர்களின் படம் பரவாமல் தடுக்க 'டேக் இட் டவுன்' என்ற இலவசச் சேவை இருக்கிறது. படம் கைப்பேசியை விட்டு வெளியே போகாமல், அந்தப் படத்திலிருந்து கணக்கிட்ட ஓர் எண் அடையாளம் மட்டுமே பதிவாகும். அதை வைத்து இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் போன்ற நிறுவனங்கள் அந்தப் படத்தைக் கண்டுபிடித்து நீக்குகின்றன. அதிலும் பதிவு செய்தோம். வழக்கு இன்னும் நடக்கிறது.

அதன் பிறகு கூட்டத்தின் வரிசையை மாற்றினேன். முதல் சனிக்கிழமையில் கைப்பேசியை யாரும் கையில் எடுப்பதில்லை. "நீ என்ன சொன்னாலும் உன்னை ஊருக்கு அனுப்ப மாட்டேன், உங்க அம்மாகிட்ட பேசுறத நிறுத்த மாட்டேன்" என்ற இரண்டு வாக்குகளைப் பிள்ளையின் முன்னால் சொல்லும்படி வளர்ப்பவரைக் கேட்கிறேன். சில ஆச்சிகள் சொல்லும்போதே அழுதுவிடுகிறார்கள்.

கைப்பேசி அமைப்புகள் (செட்டிங்ஸ்) அதற்கடுத்துத்தான். இவற்றில் நான் அதிக நேரம் செலவிடுவது பிறந்த ஆண்டில். பிள்ளையின் கணக்கை மாமாவின் பிறந்த ஆண்டைக் கொடுத்துத் திறந்திருப்பார்கள். உடனே அந்தச் செயலி அதைப் பெரியவராகவே நடத்துகிறது. 2025-இல் இந்தியாவுக்கு வந்த இன்ஸ்டாகிராமின் பதின்பருவக் கணக்கு, தானாகவே தனிப்பட்டதாக அமைந்து, பிள்ளை பின்தொடராதவர்களின் செய்திகளைத் தடுக்கிறது. ஆண்டு பொய்யானால் இந்தக் காவல் எதுவும் கிடைக்காது. கூகுளின் ஃபேமிலி லிங்க், பிள்ளைக்கும் பெரியவருக்கும் தனித்தனிக் கருவி இருக்கும் வீட்டுக்கு நல்லது. ஒரே கைப்பேசியை நான்கு பேர் பகிரும் கோலியில் அதனால் பயனில்லை. ஆச்சிக்காகப் பணம் அனுப்பித் தரும் பேரனுக்கு யுபிஐ இரகசிய எண் தெரிந்திருக்கும் என்பதால், பணம் ஏமாந்தால் 1930-ஐ அழைக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

விட்டுப்போன தகப்பன் ஃபேஸ்புக்கில் வந்து நட்பு கேட்டால் என்ன செய்வது என்று ஓர் அத்தை கேட்டார். அவன் அந்நியன் இல்லை. ஆனால் குடித்துவிட்டு வந்து அடித்தவன். எந்தக் கைப்பேசி அமைப்பாலும் இதைப் பிரித்தறிய முடியாது. ஆபத்து இல்லாத இடத்தில், பெரியவர் பக்கத்தில் இருக்க, கூடத்தில் உட்கார்ந்து பேசட்டும் என்பது என் எண்ணம். அடித்த வரலாறு இருந்தால் அரசு அமைக்கும் குழந்தைகள் நலக் குழுவின் முன் வைத்தே முடிவெடுக்க வேண்டும் என்று அவரிடம் சொன்னேன். முழுதாக மறைத்து வைத்தால், பிள்ளை வேறொரு கைப்பேசியில் அவனைத் தேடிக்கொள்ளும்.

போன கூட்டத்தில் ஒரு தாய்மாமன் அந்த வாக்கைச் சொல்ல மறுத்தார். "அப்படிச் சொல்லிட்டா பிள்ளைக்குப் பயம் விட்டுப்போகும், டீச்சர்" என்றார். பயம் அவளிடம் ஏற்கெனவே வேண்டிய மட்டும் இருக்கிறது, அண்ணே, என்றேன். அவர் பதில் சொல்லாமல், வாசலில் நின்றிருந்த மருமகளின் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு போனார். வருகிற சனிக்கிழமை அவளையும் கூட்டிக்கொண்டு வருவதாகச் சொல்லி அனுப்பியிருக்கிறார்.