22 பிள்ளைகளும் ஒரு பாம்புத்தாராவும்

அம்பாறை மாவட்டத்தில், காரைதீவுப் பக்கம் ஒரு பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். நம்முடைய வட்டைக்கு, அதாவது வயலுக்கு, தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தரம் 9 பிள்ளைகளிடம் ஒருநாள் கேட்டேன். "வாய்க்கால்ல இருந்து டீச்சர்" என்றார்கள். அதற்கு அங்கால் ஒருவருக்கும் தெரியவில்லை.

அந்த வாய்க்காலுக்குத் தண்ணீர் வருவது சேனாநாயக்க சமுத்திரத்தில் இருந்து. பட்டிப்பளை ஆற்றை இங்கினியாகலையில் மறித்துக் கட்டிய குளம் அது. அந்தக் குளத்துக்கு நீர் கொண்டுவரும் மலைக்காட்டைக் காப்பாற்றவே 1954 இல் கல்லோயா தேசியப் பூங்காவை ஏற்படுத்தினார்கள். 25,900 ஹெக்டேயர். அந்தக் காடு நின்றதால் பறவைகளும் நின்றன. நாம் சோறு தின்பதும் அந்தக் காட்டால்தான். இதைக் கரும்பலகையில் எழுதிப் புரியவைக்க முடியாது, கூட்டிக்கொண்டு போய்க் காட்ட வேண்டும் என்று நினைத்தது ஜனவரியில். போய்ச் சேர்ந்தது மே மாதத்தில்.

முதற் கடிதத்தில் பிழை விட்டேன். "கல்விச் சுற்றுலா, 60 மாணவர்கள்" என்று எழுதிக் கொடுத்தேன். அது ஓர் அலுவலகத்தில் ஐந்து கிழமை கிடந்தது. மூன்று தடவை போய்க் கேட்டேன், மூன்று தடவையும் மேசையில் இருப்பதாகத்தான் சொன்னார்கள். கடைசியில் அங்கே வேலை செய்யும் ஓர் அக்கா என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, "டீச்சர், இதில நீங்க போய் என்ன செய்யப் போறீங்க எண்டே இல்லையே" என்றா. உண்மைதான். அன்றிரவே திருப்பி எழுதினேன். பாடத்தின் எந்த அலகு, எத்தனை பிள்ளைகள், படகில் எவ்வளவு நேரம், எந்தப் பறவைகளை எண்ணப் போகிறோம், எத்தனை மணிக்கு வீடு திரும்புவோம், முதலுதவிப் பெட்டி யார் கையில், எல்லாம் அதில் இருந்தது. 60 ஐ 22 ஆக்கினேன். இரண்டு படகில் அடங்க வேண்டும், கரையில் ஒருவரையும் விட்டுவிட்டுப் போகக் கூடாது. சிங்களத்தில் ஒரு பிரதியும் எங்கள் சிங்கள ஆசிரியையிடம் எழுதி வாங்கி இணைத்தேன். வலயக் கல்விப் பணிமனைக்கு ஒன்று, வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு ஒன்று. இந்தத் தடவை பத்து நாளில் பதில் வந்தது.

கடிதத்தை விடக் கஷ்டமானது பெற்றோர் கூட்டம். யானைக்குப் பயப்படுவார்கள் என்றுதான் எதிர்பார்த்தேன். யானையைப் பற்றி ஒரு கேள்விகூட வரவில்லை. ஒரு பிள்ளையின் அம்மம்மா எழும்பி, "தண்ணியிலயா ஏத்தப் போறீங்க டீச்சர்?" என்று மட்டும் கேட்டா. பிறகு ஒருவரும் பேசவில்லை. 2004 சுனாமியில் ஆளைக் கொடுக்காத வீடு எங்கள் கரையில் குறைவு. அந்தக் கேள்விக்கு வாயால் பதில் சொல்ல எனக்கு வரவில்லை. அடுத்த நாள் ஒரு உயிர்காப்பு அங்கியை இரவல் வாங்கி அவவின் வீட்டுக்கே கொண்டு போனேன். பேத்திக்குப் போட்டுப் பார்த்தோம். தோளில் பெரிதாக இருந்தது. "இது கழண்டு போகும்" என்றா. சரி, பிள்ளைகளின் அளவில் அங்கி தேட வேண்டும் என்று எனக்கு உறைத்தது அங்கேதான். அதற்கு இன்னும் இரண்டு கிழமை போனது. போனால் போகட்டும் என்றே இருந்தேன்.

காத்திருந்த அந்த நாட்களில் எண்ணப் பழகினோம். பறவைக் கூட்டத்தை ஒவ்வொன்றாக எண்ண முடியாது, முடிப்பதற்குள் பறந்துவிடும். பத்துப் பறவை எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று முதலில் கண்ணில் பிடித்துக்கொள்ள வேண்டும். பிறகு அந்த அளவைக் கூட்டத்தின் மேல் ஒன்றன் பின் ஒன்றாக வைத்துப் பார்க்க வேண்டும். வகுப்பில் சுளகில் நெல்லைத் தூவி, மூன்று எண்ணும் வரை காட்டிவிட்டுத் துணியால் மூடுவேன். முதல் நாள் 80 மணியை 30 என்றார்கள், 200 என்றார்கள். இரண்டு கிழமையில் வித்தியாசம் பத்துக்கு உள்ளே வந்துவிட்டது. வீட்டில் அரிசி புடைக்கிற நேரமும் இதே விளையாட்டாம், அம்மாமார் சொன்னார்கள்.

விடிய மூன்றரைக்கு வெளிக்கிட்டோம். இங்கினியாகலையில் சீட்டெடுத்து, வழிகாட்டி ஏறி, படகு புறப்படும்போது மலைக்குப் பின்னால் வெளிச்சம் வந்துகொண்டிருந்தது. சிங்களம் தெரிந்த ஒரு மாணவி முன்னால் இருந்து வழிகாட்டி சொல்வதை எல்லோருக்கும் தமிழில் சொன்னாள். இந்த மலைகளின் அந்தப் பக்கம், நீல்கலையில், புல்லும் கடுக்காய், தான்றி, நெல்லி மரங்களும் கலந்து நிற்கும் வெளிகள் இருப்பதாகவும், இலங்கையில் வேறெங்கும் லேசில் பார்க்க முடியாத புள்ளிக் கௌதாரி அங்கே தரையில் மேய்வதாகவும் சொன்னார். கௌதாரி எப்படிக் கத்தும் என்று பையன்கள் கேட்க, ஒரு தரம் கத்தியும் காட்டினார்.

நீரின் நடுவில் குருளு தூவ இருக்கிறது. பறவைத் தீவு என்று அர்த்தம். மரம் நிறைய நீர்க்காகம், கொக்கு, நாரை. சில கூடுகளில் குஞ்சுகள் இருந்தன. பக்கத்தில் போனால் படம் நன்றாக வரும் என்று ஒரு பையன் கெஞ்சினான். நான் வேண்டாம் என்றேன். படகு நெருங்கினால் தாய்ப்பறவை எழும்பிவிடும், குஞ்சும் முட்டையும் வெயிலில் கிடக்கும், காகமும் பருந்தும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும். வழிகாட்டி தலையாட்டிவிட்டு என்ஜினை நிறுத்தச் சொன்னார். அந்த அமைதியில் குஞ்சுகள் கத்துவது எங்களுக்குத் தெளிவாகக் கேட்டது. இருந்த மூன்று தொலைநோக்கிகளும் கைமாறிக் கைமாறிப் போயின. தீவில் நீர்க்காகம் மட்டும் 140 என்று எங்கள் தாளில் இருக்கிறது.

திரும்பும் வழியில், பட்டுப்போய் நின்ற ஒரு மரத்தின் அடியில் ஏதோ துடித்தது. பாம்புத்தாரா. இறக்கையிலும் கழுத்திலும் தங்கூசி வலை, ஒற்றை நைலோன் இழையில் பின்னியது, சுற்றியிருந்தது. தங்கூசி வலை நம் நாட்டில் தடைசெய்யப்பட்டது, இருந்தும் குளத்துக்குக் குளம் கிடக்கிறது. மீனைக் குத்திப் பிடிக்கும் பறவை அது, அலகு ஊசி போல் இருக்கும், கண்ணுக்குத்தான் பாயும். பிள்ளைகளைப் பின்னால் இருக்கச் சொல்லிவிட்டு, வழிகாட்டி தன் துவாயை அதன் தலையில் போட்டு மூடினார். உடனே அடங்கிவிட்டது. படகோட்டி சிறு கத்தியால் ஒவ்வொரு கண்ணியாக அறுத்தார். கடைசியில் கழுத்தைச் சுற்றிய நூல். இறகுக்குள் புதைந்து, கண்ணுக்குத் தெரியாமல் இருந்தது. விரலால் தடவிப் பிடித்துத்தான் வெட்டினார். இருபது நிமிடம் போயிருக்கும். 22 பேரில் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

துவாயை எடுத்ததும் அது தண்ணீருக்குள் போய்விட்டது. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம். தூரத்தில் கழுத்து மட்டும் எழும்பியது, பாம்பு போலவே. பிறகு ஒரு கிளையில் ஏறி இறக்கையை விரித்து வெயிலில் காய வைத்தது. அறுத்த வலையைப் பையில் போட்டுக் கரைக்குக் கொண்டு வந்தோம்.

அம்மம்மா எங்கள் வாசலிலேயே காத்திருந்தா. பேத்தி இறங்கியதும் பாம்புத்தாராவின் கதையைத் தொடங்கிவிட்டாள், அங்கியைக் கழற்றக்கூட இல்லை.

இந்த வருடத்துக் கடிதத்தைத் திங்கட்கிழமை கொடுத்தேன், இரண்டு மொழியிலும். அதில் ஒரு வரி கூட்டியிருக்கிறேன்: போகும் இடத்தில் கரையோரம் கிடக்கும் வலைகளைப் பொறுக்க அனுமதி வேண்டும் என்று.