தக்காளி ஃபேக்டரியும் நவம்பர் 1ம்

கலிபோர்னியாவுல ஒரு தக்காளி பேஸ்ட் ஃபேக்டரில 2023 ஆரம்பத்துல என்விரான்மென்டல் வேலைக்கு சேர்ந்தேன். முதல் வாரமே மேனேஜர் "2024 நவம்பர் 1 உன் தலைல"ன்னு சொல்லிட்டு போயிட்டாரு, என்னன்னு புரியவே ஒரு மாசம் ஆச்சு.

விஷயம் இதான். வருஷத்துக்கு 25,000 டன் கார்பன் டை ஆக்ஸைடு தாண்டினா அந்த ஃபேக்டரி மாநிலத்தோட திட்டத்துக்குள்ள வந்துடும், அப்ப அதுக்குப் பேரு கேப் அண்ட் ட்ரேட், அதாவது மொத்தப் புகைக்கு ஒரு உச்சவரம்பு வச்சு அதுக்கான அனுமதியை வாங்கி விக்க விடறது. விட்ட ஒவ்வொரு டன்னுக்கும் ஒரு அலவன்ஸ், அதாவது ஒரு டன்னுக்கான அனுமதி, அரசுகிட்ட சரண்டர் பண்ணணும். 2021லேர்ந்து 2023 வரைக்கும் விட்டதுக்கு கடைசி நாள்தான் அந்த நவம்பர் 1. ஒரு தெர்ம் (கேஸ் பில்லுல வர்ற அளவு) கேஸ் எரிச்சா சுமார் 5.3 கிலோ கார்பன் டை ஆக்ஸைடு, அப்ப 47 லட்சம் தெர்ம்லயே மாட்டிக்குவோம், சீசன்ல ராப்பகலா பாய்லர் ஓடற இடத்துல அதெல்லாம் சாதாரணம். உற்பத்தியை வச்சு கொஞ்சம் அலவன்ஸ் ஃப்ரீயா வரும், பத்தாததை ஏலத்துல ஆயிரம் ஆயிரமா எடுக்கணும்.

எங்களுக்கு 4000 அலவன்ஸ் துண்டு விழுந்துச்சு. பிப்ரவரி 2023 ஏலத்துல ஒண்ணு 27.85 டாலர். வாங்கிடலாம்னேன், இறங்கும் பொறுன்னாங்க. மே 30.33, ஆகஸ்ட் 35.20. எங்க இறங்கறது! 2021லேர்ந்து 2023 வரைக்குமான கணக்குக்கு 2024 விண்டேஜ், அதாவது 2024ஆம் வருஷம்னு முத்திரை போட்ட அலவன்ஸ், செல்லாதுன்னு நான் விதியைத் தூக்கிக் காட்டின அப்புறம்தான் நவம்பர் ஏலத்துல 38.73க்கு எடுத்தாங்க, பிப்ரவரி விலையோட பார்த்தா 43,520 டாலர் தண்டம். நேரத்துக்கு சரண்டர் பண்ணலைன்னா குறையற ஒண்ணுக்கு நாலா குடுக்கணும், அதனால வேற வழியும் இல்ல.

2023ல எவ்ளோ டன் விட்டோம்ங்கற ரிப்போர்ட்டை 2024 ஏப்ரல் 10க்குள்ள போட்டாச்சு, கேஸ் பில்லை கூட்டறதுதானேன்னு தெனாவெட்டா இருந்தேன். ஜூலைல தக்காளி லாரி வரிசை கட்டி நிக்கற நேரமா பார்த்து வெரிஃபையர், அதாவது ரிப்போர்ட்டை சரிபார்க்கற வெளியாளு, வந்தாங்க, தலைல ஹேர்நெட் மாட்டிக்கிட்டு பாய்லர் பிளேட் ஒண்ணொண்ணா படிச்சு டிக் அடிச்சுட்டே வந்தவங்க லேப் பின்பக்கம் நின்னு "இந்த மீட்டர் எதுக்கு?"ன்னாங்க. பார்த்தா செவுத்தோரமா ஒட்டடை புடிச்சு ஒரு குட்டி கேஸ் மீட்டர், லேபுக்கு சுடுதண்ணி போடற ஹீட்டரோடது. அந்த பில் தனியா அக்கவுண்ட்ஸுக்கு போயிட்டு இருந்திருக்கு, என் கண்ணுல பட்டதே இல்ல.

மொத்தமா கூட்டினா 3 டன். தப்பு 5 சதவீதம் தாண்டினாதான் ரிப்போர்ட் அடிபடும், ஆனா கண்ணுல பட்ட தப்பை, திருத்த முடியும்னா எவ்ளோ சின்னதானாலும் திருத்தியே ஆகணும். சீசன் உச்சத்துல அக்கவுண்ட்ஸ் வாசல்ல நின்னு 12 மாச பில்லை ஒவ்வொண்ணா வாங்கி, ரிப்போர்ட்டை மாத்தி, ஆகஸ்ட் 10 கெடுவுக்கு ரெண்டு நாள் முன்னாடி வெரிஃபையர் கையெழுத்து வாங்கினேன்.

2021, 2022க்கு 30 சதவீதம்தான் முன்னாடி குடுத்திருந்தாங்க, மிச்ச 70ம் 2023 முழுசும் சேர்த்து நவம்பர் 1க்கு முந்தின வாரமே சரண்டர் பண்ணிட்டோம், அந்த 3ம் அதுல உண்டு. அந்த மீட்டர்ல இப்ப மஞ்ச டேக் தொங்குது, பில் நேரா என் பேருக்கு வருது.