முன்சக்கரம் எங்கே நிற்கும்?

"17 மீட்டர் டெலிஹேண்ட்லர் ஒன்று அனுப்புங்கள்" என்று வாடகை நிறுவனத்துக்குச் சொல்லிவிட்டு, வண்டி வந்திறங்கிய பிறகு அதை எங்கே நிறுத்துவது என்று யோசிக்கும் பொறியாளர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பூம் எனப்படும் நீண்டு சுருங்கும் கையின் நுனியில், ஃபோர்க் எனப்படும் இரண்டு முட்களில் சுமையை ஏந்தித் தூக்கும் வண்டிதான் டெலிஹேண்ட்லர். கட்டுமானத் தளங்களில் தூக்குவேலைகளைத் திட்டமிடுவது என் தொழில். எந்த டெலிஹேண்ட்லரை எடுக்கலாம் என்று யார் கேட்டாலும் நான் முதலில் திருப்பிக் கேட்பது இதைத்தான்: கடினமான அந்தத் தூக்கலின்போது முன்சக்கரம் எங்கே நிற்கும்?

டெலிஹேண்ட்லர் தன் எடையையே எதிர்ச்சுமையாகக் கொண்டு தூக்குகிறது. முன்னோக்கிக் கவிழ்வதானால் முன் அச்சைச் சுற்றித்தான் கவிழும். சுமை அந்த அச்சைவிட்டு விலக விலகத் தூக்கும் திறன் சரசரவென்று குறைகிறது. ஜேசிபி 540-170 என்ற பெயரில் 40 என்பது 4 டன்னையும் 170 என்பது 17 மீட்டரையும் குறிக்கிறது. மானிட்டூ எம்டி 1840 என்றால் 18 மீட்டர், 4 டன். இரண்டு எண்களும் சரிதான், ஆனால் இரண்டும் சேர்ந்து கிடைக்காது. 4 டன் என்பது பூமை உள்ளிழுத்து, சுமையை வண்டிக்கு அருகில் வைத்திருக்கும்போது. இந்த வகை வண்டி பூமைக் கிடையாக முழுவதும் நீட்டினால் ஸ்டெபிலைசரை, அதாவது தரையில் ஊன்றும் கால்களை, ஊன்றிய பிறகும் 4 டன்னில் ஒரு சிறு பங்கைத்தான் தாங்கும்.

ஆகவே நான் டேப்பை எடுத்துக்கொண்டு கட்டடத்தின் ஓரத்துக்குப் போய்விடுவேன். ஒன்றரை டன் கற்கள் அடுக்கிய பேலட்டை (சுமை அடுக்கும் மரத்தட்டை) 10.5 மீட்டர் உயரத் தளத்தில் இறக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாரத்தின் அகலம் 1.5 மீட்டர். சாரத்துக்கும் சக்கரத்துக்கும் இடையே 1 மீட்டர் விட வேண்டும். பேலட்டின் நடுப்பகுதி தளத்தின் விளிம்பிலிருந்து 1 மீட்டராவது உள்ளே போய் அமர வேண்டும். ஆக முன்சக்கரத்திலிருந்து சுமையின் நடுவுக்கு 3.5 மீட்டர். அடித்தளத்துக்குத் தோண்டிய பள்ளத்தை மண் நிரப்பி மூடியிருக்கிறார்கள், அதன்மேல் சக்கரத்தை ஏற்ற நான் விடமாட்டேன். இன்னும் 2 மீட்டர் பின்னால் தள்ளினால் 5.5 மீட்டர். உயரமும் 10.5 மீட்டரோடு முடியாது, ஓரத் தடுப்புக் கம்பியைத் தாண்டி ஃபோர்க் உள்ளே நுழைய 11.5 மீட்டராவது வேண்டும். எந்த உயரத்தில், எந்த நீட்டத்தில் (முன்சக்கரத்திலிருந்து சுமைவரை உள்ள தூரத்தில்) எவ்வளவு எடையைத் தூக்கலாம் என்று காட்டும் லோடு சார்ட்டை இப்போதுதான் திறப்பேன். 11.5 மீட்டர் உயரத்துக் கோடும் 5.5 மீட்டர் நீட்டத்துக் கோடும் வெட்டிக்கொள்ளும் கட்டத்தில் என்ன எடை எழுதியிருக்கிறது? ஒன்றரை டன்னுக்கு மேல் இருந்தால் அந்த வண்டி நமக்கானது. எல்லைக்கோட்டை ஒட்டி இருந்தால் அடுத்த அளவுக்குப் போவேன். சுமையின் எடையைக் கண்ணால் மதிப்பிட்டுச் சொல்பவர்கள் பெரும்பாலும் குறைத்தே சொல்கிறார்கள்.

சார்ட்டில் இரண்டு விஷயங்களைக் கூர்ந்து பார்க்க வேண்டும். நீட்டத்தை எங்கிருந்து அளக்கிறார்கள், பெரும்பாலும் முன் டயரின் முகப்பிலிருந்து. சுமையின் மையம் ஃபோர்க்கின் செங்குத்து முகப்பிலிருந்து எவ்வளவு தள்ளி இருப்பதாகக் கொண்டிருக்கிறார்கள், பல சார்ட்டுகளில் 500 மில்லிமீட்டர், சிலவற்றில் 600. நீளமான சுமையானால் அதன் மையம் இன்னும் வெளியே போய்விடும். அப்போது சார்ட்டின் எண்ணை அப்படியே நம்பக் கூடாது.

இந்தக் கணக்கு முடிந்தால் வகை தானாகவே தெளிவாகிவிடும். லாரியிலிருந்து பேலட்டை இறக்கித் தளம் முழுக்கக் கொண்டு சேர்ப்பதுதான் அன்றாட வேலை என்றால் 6, 7 மீட்டர் வண்டி போதும். ஸ்டெபிலைசரை ஊன்றி எடுக்கும் அவசியமே இருக்காது, எடுத்த கையோடு நகரலாம். 2.5 டன், 6 மீட்டர் ரகத்தில் 2 மீட்டருக்கும் குறைவான அகலமுள்ள வண்டிகள் கிடைக்கின்றன, அடித்தள வாகன நிறுத்தங்களில் அவைதான் கைகொடுக்கும். மூடிய இடத்தில் புகை கூடாது என்றால் ஜேசிபி 525-60இ போன்ற மின்சார வண்டிகள் இருக்கின்றன. நான்கு சக்கரமும் ஒரே பக்கம் திரும்பி வண்டி நண்டு போலப் பக்கவாட்டில் நகரும் வசதியை இடுக்கான இடத்தில் அவசியம் கேட்டு வாங்குங்கள்.

ரோட்டேட்டிங் வகையை எனக்கு மிகவும் பிடிக்கும். ஓரிடத்தில் கால்களை ஊன்றிவிட்டால் வண்டியை நகர்த்தாமலே மேற்பகுதி சுழன்று நாலாபுறமும் வேலை செய்யும். வின்ச் (கம்பிவடத்தைச் சுற்றி இழுக்கும் கருவி) மாட்டினால் கிரேன், ஆள் ஏறும் கூடை மாட்டினால் உயர்மேடை. நெருக்கடியான தளத்தில் இதற்கு ஈடில்லை. ஆனால் அந்தக் கால்களின் அடியில் மண் தாங்குமா என்பதை முன்கூட்டியே சோதித்து, அகலமான பலகை போட்டாக வேண்டும். ஆபரேட்டருக்கும் இதற்கென்று தனிப் பயிற்சி வேண்டும். சாதாரண வண்டி ஓட்டியவர் இதையும் ஓட்டிவிடுவார் என்று சொல்வதை நான் ஒருபோதும் ஏற்பதில்லை.

உயரத்தில் ஏற்ற நாலைந்து சுமைதான் இருக்கிறது, மற்றதெல்லாம் தரைமட்ட வேலை என்றால் தளத்துக்குச் சிறிய வண்டியை நிரந்தரமாக வைத்துக்கொண்டு, பெரியதைத் தேவைப்படும் நாளுக்கு மட்டும் வரவழையுங்கள். 17 மீட்டர் வண்டியைத் தினமும் குறுகிய பாதையில் உருட்டிக்கொண்டிருப்பது எல்லோருக்கும் தொல்லை. கேபின் இடப்பக்கம், பூம் அதற்கு வலப்பக்கம். பூம் பாதி உயர்ந்த நிலையில் ஆபரேட்டருக்கு வலப்புறம் சரியாகத் தெரியாது. அங்கே ஆட்கள் நடமாடுகிறார்கள். வலப்புறக் கேமரா இல்லாத பெரிய வண்டியை நான் எடுப்பதில்லை.

சரிவான தளமானால் வண்டியைப் பக்கவாட்டில் சமப்படுத்தும் வசதி உள்ளதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பூமை உயர்த்துவதற்கு முன்பே சமப்படுத்திவிட வேண்டும், உயர்த்திய பிறகு அந்த லீவரைத் தொடவே கூடாது. முன்பக்கம் கவிழும் நிலை வந்தால் எச்சரிக்கும் கருவி இன்று பெரும்பாலான வண்டிகளில் இருக்கிறது. அது பக்கவாட்டுச் சாய்வைக் கவனிப்பதில்லை. ஈர மண்ணில் ஒரு சக்கரம் அமிழ்வதை ஆபரேட்டரின் கண்தான் பிடிக்க வேண்டும்.

இணைப்புக் கருவிகள் விஷயத்தில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. கொக்கி, ஜிப் (பூமின் நுனியில் மாட்டும் கூடுதல் கை), பக்கெட், கூடை ஒவ்வொன்றுக்கும் அந்த வண்டிக்கென்றே தயாரித்த தனி லோடு சார்ட் வேண்டும். ஃபோர்க்கில் சங்கிலியைச் சுற்றிச் சுமையைத் தொங்கவிடும் வழக்கத்தைக் கண்டால் வேலையை உடனே நிறுத்திவிடுவேன். தொங்கும் சுமை ஆடும், ஆடினால் நீட்டம் கூடும், சங்கிலியும் ஃபோர்க்கின் நுனியை நோக்கி வழுக்கும்.

வாடகைக்கு எழுதும்போது மீட்டரையும் டன்னையும் மட்டும் எழுதாமல், மிகக் கனமான சுமை, அதன் உயரம், முன்சக்கரத்திலிருந்து அதன் தூரம், தரையின் தன்மை, நுழைவாயிலின் அகலம், தேவையான இணைப்புகள் எல்லாவற்றையும் எழுதுங்கள். வண்டி வந்ததும் டிரெய்லரிலிருந்து இறக்குவதற்கு முன் தகட்டில் உள்ள மாடல் எண்ணையும் கேபினில் ஒட்டியிருக்கும் சார்ட்டின் மாடல் எண்ணையும் ஒப்பிடுங்கள். இணைப்புக் கருவியின் தகட்டையும் பாருங்கள். பொருந்தவில்லை என்றால் இறக்க வேண்டாம், அப்படியே திருப்பி அனுப்பிவிடுங்கள்.