உட்கார முடியாத ஆசாரி

ஆகஸ்ட் 19, 2025

கிருஷ்ணகிரி மாவட்டம் காவேரிப்பட்டினத்தில் இன்றுதான் பட்டறையைத் திறந்தேன். மே மாதம் பழைய நிலைக்கால் ஒன்றை அறுக்கும்போது உள்ளே புதைந்திருந்த ஆணியில் பிளேடு பட்டு மரம் எகிறியது, இடது ஆள்காட்டி விரலில் தசைநாணும் நரம்பும் அறுந்தன, தைத்தார்கள். மூன்று மாதம் எதையும் இறுக்கிப் பிடிக்கக் கூடாது என்ற கெடு முடிந்துவிட்டது. விரல் முக்கால்வாசி மடங்குகிறது. நுனி மட்டும் மரத்துக் கிடக்கிறது. தைத்த நரம்பு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர்தான் வளருமாம்.

விரலைக்கூடச் சமாளிக்கலாம், முழங்கால்தான் பெரிய பாடு. எங்கள் வேலை தரையில் உட்கார்ந்து செய்கிற வேலை. பலகையைக் காலால் மிதித்து, பெருவிரலை அண்டக் கொடுத்துப் பிடித்துக்கொண்டால் இரண்டு கையும் உளிக்கும், அதை அடிக்கிற மரச்சுத்தி கொட்டாப்புளிக்கும் கிடைக்கும். மூட்டு தேய்ந்ததிலிருந்து சம்மணம் போட்டால் எழுப்பிவிட ஆள் வேண்டும். அதனால் கால் செய்த வேலையை இடது கை செய்துகொண்டிருந்தது. இப்போது அதற்கும் ஆள் இல்லை.

ஆகஸ்ட் 27

நின்று வேலை செய்ய ஒரு மேசை அடித்தேன். மாமரப் பலகை. மாமரத்தில் நிலை, கதவு செய்தால் வண்டு துளைத்துவிடும், யாருக்கும் செய்து கொடுக்க மாட்டேன், ஆனால் இந்த மாவட்டத்தில் மாமரம் அளவுக்கு மலிவாக வேறு எது கிடைக்கும்? இரண்டரை அங்குல கனத்தில் போட்டேன், இழைக்கும்போது நகராமல் இருக்கக் கனம் வேண்டும்.

உயரம்தான் முக்கியம். நேராக நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு எங்கே வருகிறதோ அங்கே மேசையின் மேல்மட்டம். எனக்கு 33 அங்குலம் வந்தது. இடது ஓரத்தில் ஒரு முட்டுக்கட்டை, முன்பக்கம் மரத்தைக் கவ்விப் பிடிக்க ஒரு வைஸ், அப்புறம் திருகி இறுக்க இரண்டு சி கிளாம்ப். மிதித்துப் பிடித்த காலுக்குப் பதில் இத்தனை சாமான்! தம்பி மகன் பார்த்துவிட்டு, "பெரியப்பா, இதுக்கு ஆகுற காசுக்கு ஒரு மெஷினே வாங்கிடலாமே" என்றான். மெஷின் மரத்தை அறுக்கும், நான் நிற்பதற்கு அது என்ன செய்யும்?

செப்டம்பர் 6

முதல் வேலை எனக்கே ஒரு முக்காலி. நாள் முழுக்க நிற்கவும் முடியாது, பாதி நின்று பாதி உட்கார உயரமாக ஒன்று வேண்டும்.

பலகை வேம்பு. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலில் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியதே, அப்போது சாய்ந்த மரம். அறுத்து அடுக்கி வைத்திருந்தேன். அங்குலக் கனத்துக்கு ஒரு வருஷம் என்பது மரம் காயும் கணக்கு, அதன்படி இன்னும் கொஞ்சம் ஈரம் இருக்கும். இருக்கட்டும், கால்களுக்குப் பழைய தேக்கு எடுத்திருக்கிறேன் (நூலில் காந்தம் கட்டி ஆணி தேடிய பிறகுதான்). நன்றாகக் காய்ந்த காலை லேசாக ஈரமுள்ள பலகையில் அடித்து இறக்கினால், பலகை காயக் காய துளை சுருங்கிக் காலைக் கவ்விக்கொள்ளும்.

செப்டம்பர் 9

மழை, குளிர். தைத்த விரல் காலையிலிருந்து குடைகிறது. வேலை இல்லை.

செப்டம்பர் 18

வேம்பில் இழை ஒரு பக்கமாக ஓடாது, மாறி மாறி ஓடும். மரத்தைச் சீவுகிற இழைப்புளி கொஞ்சம் மழுங்கினாலும் பிய்த்து எடுத்துவிடும். முன்பெல்லாம் அந்த இடத்தில் பலத்தைப் போட்டுத் தள்ளுவேன். இப்போது பலம் போட வழியில்லை என்பதால் அடிக்கடி சாணைக்கல்லுக்குப் போகிறேன், இழைப்புளியின் அடியில் மெழுகுவர்த்தியைத் தேய்க்கிறேன், அது வழுக்கிக்கொண்டு போகிறது. உளிப்பிடியில் சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றினேன். பிடி பருத்தால் விரலை அவ்வளவு மடக்க வேண்டியதில்லை, நடுவிரலும் கட்டைவிரலுமே போதும்.

மதியம் பலகையில் சிவப்பாக ஒரு கோடு. பென்சில் கோடு என்று உப்புத்தாளால் தேய்த்தேன், இன்னும் நீண்டது. பார்த்தால் மரத்த விரல் நுனியில் அரை அங்குல மரச்சிலாம்பு ஏறி நிற்கிறது, வலி என்று ஒன்றும் இல்லை. வீட்டுக்காரி கையுறை போடச் சொல்கிறாள். உளி வேலைக்குச் சரி, சுற்றுகிற பிளேடு பக்கத்தில் கையுறை போட்டால் அது துணியோடு கையையும் இழுத்துவிடும், அங்கே வெறுங்கைதான். அரை மணிக்கொரு தடவை விரலைத் திருப்பிப் பார்ப்பது என்று வைத்துக்கொண்டேன்.

அக்டோபர் 1

ஆயுத பூஜை. வழக்கமாகத் தரையில் பாய் விரித்துப் பரப்புவோம். இந்த வருஷம் எல்லாமே மேசை மேல். டியூப் சுற்றிய உளிக்கும் சந்தனம், குங்குமம். வைஸுக்கும் ஒரு பொட்டு வைத்தான் தம்பி மகன். பொரி கடலை தின்றே வயிறு நிறைந்துவிட்டது.

அக்டோபர் 12

முக்காலியைப் பார்த்துவிட்டு எதிர்வீட்டு அம்மா கேட்டார்கள், மாமியாருக்கு முட்டிவலி, அரிவாள்மணையில் குந்த முடிவதில்லை, இதே மாதிரி ஒன்று சமையல் மேடை பக்கத்தில் போட்டுக்கொள்ள வேண்டும் என்று. செய்கிறேன், ஆனால் நாலு கால் வைத்துத்தான் என்று சொல்லிவிட்டேன். மூன்று கால் மேடுபள்ளத் தரையிலும் ஆடாது, பட்டறைக்கு அதுதான் வசதி. ஆனால் வயதானவர்கள் எழும்போது ஒரு ஓரத்தில் கையை ஊன்றுவார்கள், இரண்டு காலுக்கு நடுவில் பாரம் விழுந்தால் முக்காலி சாய்ந்துவிடும். உயரம் அந்தப் பாட்டியின் முழங்கால் மடிப்பை அளந்த பிறகுதான். நாளைக் காலை டேப்போடு போக வேண்டும்.