கிளாட்: லாரி ஹாரனுக்கு நடுவே படித்த கதை

தமிழ்நாட்டு அரசு சட்டக் கல்லூரிகளில் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்தே இடம் கொடுத்துவிடுவதால், எங்கள் தண்டையார்பேட்டைப் பக்கம் கிளாட் (தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களில் சேர எழுதும் நுழைவுத் தேர்வு, CLAT) என்றால் "அது எதுக்குமா?" என்றுதான் கேட்பார்கள். திருச்சியில் இருக்கும் தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்தில் சேர அது வேண்டும், அவ்வளவுதான்.

முதல் மூன்று மாதம் அரசியலமைப்புப் பிரிவுகளை எண்ணோடு மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன். சுத்த வேஸ்ட். தேர்வில் சட்ட விதியைப் பத்தியிலேயே கொடுத்துவிடுகிறார்கள், அதை ஒரு சம்பவத்துக்குப் பொருத்தத் தெரிகிறதா என்றுதான் பார்க்கிறார்கள். 120 கேள்வி, 120 நிமிடம், தப்பானால் கால் மதிப்பெண் போச்சு. ஆங்கிலம் மெதுவாகப் படிக்கிறவர்களுக்கு (நான்தான்) இதுதான் பெரிய இடி.

அப்புறம் தினமும் ஒரு ஆங்கிலத் தலையங்கம் படித்து, ஓரத்தில் பென்சிலால் ஒரே வரி, தமிழில்: இவர் என்னதான் சொல்ல வருகிறார்? மாதிரித் தேர்வு ஞாயிறு மதியம் 2 மணிக்கு மட்டும், கண்டெய்னர் லாரி ஹாரன் காதைக் கிழித்தாலும் ஜன்னலை மூடாமல்.

தேர்வு எழுதுவதைவிடத் தப்பு நோட்டுக்குத்தான் அதிக நேரம் ஆகும். ஒவ்வொரு தவறுக்கும் பக்கத்தில் காரணம் எழுதுவேன்: தெரியாது, அவசரம், சொந்த நியாயம். மூன்றாவதுதான் என்னைக் கவிழ்த்தது. பதினெட்டு வயது ஆகாதவர் போட்ட ஒப்பந்தம் செல்லாது என்று பத்தியில் தெளிவாக இருக்கிறது. பதினேழு வயதுப் பையன் தவணையில் பைக் எடுத்துவிட்டுக் கட்ட மறுக்கிறான். நானோ, பாவம் கடைக்காரர் என்று அவர் பக்கம் டிக் அடித்து வைத்திருக்கிறேன்!