ஃபைனல் ஃபேண்டஸி 6 ஆல்பத்தை வரிசை கலைக்காமல் கேளுங்கள்

மூன்று சிடி, 61 ட்ராக், ஏறத்தாழ மூன்று மணி நேரம். ஃபைனல் ஃபேண்டஸி 6 என்ற ஜப்பானிய வீடியோ கேமின் அசல் இசை ஆல்பம் 1994 மார்ச் 25 அன்று ஜப்பானில் வெளியானது. விளையாட்டு கடைக்கு வந்ததோ ஏப்ரல் 2. இசை முழுவதும் நோபுவோ உயேமட்சு ஒருவர் செய்தது.

இந்த ஆல்பத்தை அறிமுகப்படுத்துகிறவர்கள் பெரும்பாலும் நாலைந்து ட்ராக்கைப் பொறுக்கிக் கொடுத்துவிடுவார்கள்: டெர்ராவின் மெட்டு, ஓபரா, சண்டை இசை, கடைசியில் வில்லன் கெஃப்காவின் 'டான்சிங் மேட்'. நான்குமே அருமையானவைதான். ஆனால் இதிலுள்ள மெட்டுகள் ஒன்றுக்கொன்று சொந்தக்காரர்கள். தனித்தனியாகக் கேட்டால் அந்தச் சொந்தம் காதில் விழாது. நம் ஊர்ப் பழைய கேசட் உறைகளில் ஒரே பாட்டு இரண்டு முறை அச்சாகியிருக்கும், இரண்டாவதன் பக்கத்தில் 'சோகம்' என்று போட்டிருக்கும். முதலாவதைக் கேட்காதவருக்கு இரண்டாவது வெறும் மெதுவான பாட்டு. இந்த ஆல்பத்தில் அப்படிப்பட்ட ஜோடிகள் ஏராளம். கதையின் திருப்பங்களையும் கீழே தொட்டுத்தான் போக வேண்டியிருக்கிறது, விளையாடப் போகிறவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் சரியான பதிப்பைப் பிடியுங்கள். 2022-இல் வந்த பிக்ஸல் ரீமாஸ்டர் என்ற புதுப்பித்த பதிப்புக்காக மொத்த இசையும் புதிதாக வாசிக்கப்பட்டு, அதற்கும் தனி ஆல்பம் வந்திருக்கிறது. அட்டைப் படத்தை வைத்துக் குழம்ப வேண்டாம், ஓபராப் பகுதிக்குப் போய் அரை நிமிடம் கேளுங்கள். பாடுகிறவர் தெளிவாகச் சொற்களை உச்சரித்தால் அது புதியது. சொல்லே இல்லாமல், வாயைத் திறந்து ஒரே உயிரொலியை இழுப்பதுபோல் கேட்டால் அதுதான் 1994 அசல். பழைய கோப்புகளில் இன்னொரு குழப்பமும் உண்டு. அமெரிக்காவில் இதே விளையாட்டை 1994-லேயே 'ஃபைனல் ஃபேண்டஸி 3' என்ற பெயரில் விற்றார்கள், காரணம் 2, 3, 5 ஆகியவை அப்போது அங்கே போகவில்லை. உண்மையான 3 என்பது 1990-இல் நின்டெண்டோவின் ஃபாமிகாம் கருவிக்கு வந்த விளையாட்டு, அதன் இசை வேறு. கதாபாத்திரப் பெயர்களும் மாறும்: ஜப்பானில் டீனா என்றால் ஆங்கிலத்தில் டெர்ரா, அங்கே மாஷ் என்றால் இங்கே சேபின். ட்ராக் பெயர் வேறாக இருக்கிறதே என்று இரண்டு முறை இறக்கிக்கொள்ளாதீர்கள்.

கோப்புகளாக வைத்திருப்பவர்கள் டேகில், அதாவது கோப்புக்குள் எழுதியிருக்கும் விவரக் குறிப்பில், தட்டு எண் (எத்தனையாவது சிடி என்பது) இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாவிட்டால் பிளேயர் மூன்று தட்டுகளின் முதல் ட்ராக்குகளையும் அடுத்தடுத்து போட்டு, பிறகு மூன்று இரண்டாவது ட்ராக்குகள் என்று போகும். கதை மூன்று துண்டாகிக் கலந்துவிடும். ஷஃபிளை அணையுங்கள், இடைவெளியில்லாமல் ஓடும் வசதியை இயக்குங்கள். ஒலி அளவைச் சமன் செய்யும் வசதி ட்ராக் வாரியாக இருந்தால் அதையும் ஆல்பம் வாரியாக மாற்றுங்கள். இல்லாவிட்டால் மென்மையாக இருக்கவேண்டிய ட்ராக்கும் போர்க்கள ட்ராக்கும் ஒரே சத்தத்துக்கு வந்து நிற்கும், அடுத்தடுத்து வரும்போது கிடைக்கவேண்டிய அதிர்ச்சி கிடைக்காது.

இனி இந்த இசையை ஒலித்த இயந்திரம், நின்டெண்டோவின் சூப்பர் ஃபாமிகாம். இதைத் தெரிந்துகொண்டு கேட்டால் காது வேறு மாதிரி திறக்கும். சூப்பர் ஃபாமிகாமின் ஒலிப் பகுதியை வடிவமைத்தவர் சோனியின் கென் குதராகி, பிற்பாடு பிளேஸ்டேஷனைக் கொண்டுவந்தவர். அதில் ஒரே நேரத்தில் ஒலிக்கக்கூடியது எட்டு சேனல். வாத்தியங்களின் பதிவு, இசைக் குறிப்புகள், அவற்றை ஓட்டும் நிரல், எதிரொலிக்கான இடம், எல்லாவற்றுக்கும் சேர்த்து 64 கிலோபைட் நினைவகம். பதிவுகளைச் சுருக்கித்தான் வைப்பார்கள், 16 மாதிரிகளுக்கு (ஒலி அலையை ஒரு கணத்தில் அளந்த அளவுதான் மாதிரி) 9 பைட் கணக்கு. நொடிக்கு 32,000 மாதிரி என்ற முழுத் தரத்தில் ஒரு நொடி ஒலிக்கு 18,000 பைட் ஆகும். அதாவது நினைவகம் மொத்தத்தையும் காலி செய்து கொடுத்தால்கூட மூன்றரை நொடி சொச்சம்தான் பிடிக்கும். அதில் வயலின் கூட்டம், புல்லாங்குழல், ஆர்கன், டிரம், பேஸ் எல்லாம் இருந்தாக வேண்டும்.

எதிரொலிக்கும் இதே பையிலிருந்துதான் காசு. 16 மில்லிநொடிக்கு 2 கிலோபைட் வீதம், அதிகபட்சமான 240 மில்லிநொடி வைத்தால் 30 கிலோபைட் போய்விடும், கிட்டத்தட்ட பாதி. எதிரொலி நீளமானால் வாத்தியப் பதிவு குறையவேண்டும். ஆல்பத்தில் எங்காவது ஒரு பெரிய மண்டபத்துக்குள் நுழைந்த உணர்வு வந்தால், அந்த இடத்துக்காக வாத்தியப் பதிவுகளில் எதையோ விட்டுக்கொடுத்திருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம்.

ஹெட்ஃபோனில் இதை நேராகவே பிடிக்கலாம். ஏதாவது ஒரு நீண்ட வயலின் ஸ்வரத்தைக் கவனியுங்கள். வில் கம்பியில் பட்டுக் கிளம்பும் அந்தத் தொடக்கம் உயிரோடு இருக்கும். அடுத்த கணமே ஒலி ஒரு சின்ன வட்டத்துக்குள் சுற்றத் தொடங்கிவிடும், மாவு அரைக்கிற கிரைண்டர் போல ஒரே சீராக. பதிவின் கடைசித் துணுக்கைத் திரும்பத் திரும்ப ஓட்டி ஸ்வரத்தை நீட்டும் உத்தி அது. அந்தச் சீரான தன்மை தெரியாமலிருக்க மேலே லேசான நடுக்கம் சேர்த்து, அளவை ஏற்றி இறக்கியிருப்பார்கள். உயேமட்சுவின் மெட்டுகள் பெரும்பாலும் நீண்ட ஸ்வரத்தில் உட்காராமல் நகர்ந்துகொண்டே இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் கருத்து.

ஒலி அமைப்புக்கான யோசனையும் இதிலிருந்தே வரும். நொடிக்கு 32,000 மாதிரி என்றால் அதில் பாதியான 16 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் எதுவும் இருக்க முடியாது. ஸ்வரத்தை ஏற்றி இறக்கும்போது அந்தச் சிப் செய்யும் இடைநிரப்பல் மேல் அதிர்வெண்களை இன்னும் கொஞ்சம் மழுக்கிவிடும். எனவே 'ஹை-ரெஸ்' என்று அதிக விலைக்கு வாங்கினால் இல்லாத ஒன்றுக்குக் காசு கொடுக்கிறீர்கள். சிடியிலிருந்து தரம் குறையாமல் எடுத்த ஃபிளாக் கோப்பு தாராளமாகப் போதும். மந்தமாக இருக்கிறதே என்று ஈக்வலைசரில் ட்ரெபிளைத் தூக்காதீர்கள். சுருக்கியதால் வந்த இரைச்சல்தான் முன்னால் வந்து நிற்கும். ஃபோனின் ஒற்றை ஸ்பீக்கரும் வேண்டாம். எட்டு சேனலையும் இடம் வலமாகப் பிரித்து வைத்ததெல்லாம் வீணாகி, பேஸும் கேட்காமல் போய்விடும். உயேமட்சுவின் பேஸ் வரிகள் தனியாகவே முணுமுணுக்கத் தக்கவை, அவற்றைத் தொலைப்பது பெரிய நஷ்டம்.

விளையாட்டை ஏற்கெனவே முடித்தவர்களும் ஆல்பத்தைக் கேட்க ஒரு வலுவான காரணம் உண்டு. விளையாடும்போது வாள் வெட்டு, மந்திரம், கதவுச் சத்தம் என்று எது வந்தாலும் அதற்கும் அந்த எட்டு சேனலில்தான் இடம். சத்தம் ஒலிக்கும் நேரம் இசையில் ஏதோ ஒரு வாத்தியம் காணாமல் போகும். சண்டை இசையில் இது இடைவிடாமல் நடக்கும். ஆல்பத்தில்தான் எட்டும் முழுசாகக் கிடைக்கின்றன.

இப்போது கேட்கும் முறை. ஓர் அமர்வுக்கு ஒரு தட்டு. முதல் தட்டில் கதாபாத்திரங்களின் ஐந்து மெட்டுகளை முணுமுணுக்கும் அளவுக்கு மனத்தில் ஏற்றிக்கொள்ளுங்கள்: டெர்ரா, லாக், எட்கர்-சேபின் சகோதரர்கள், செலஸ், கெஃப்கா. தொடக்க இசையிலேயே டெர்ராவின் மெட்டு வந்துவிடும், பனியில் மூன்று இயந்திரக் கவசங்கள் நடந்துபோகும் காட்சிக்கு. அதே மெட்டு பிற்பாடு உலக வரைபடத்தில் பான் புல்லாங்குழல் போன்ற ஒலியில், அணிவகுப்பு டிரம்மோடு எழுந்து நிற்கும். தான் யார் என்று தெரியாத பெண்ணின் மெட்டு நடைப்பயண இசையாகிவிடுகிறது.

லாக்கின் மெட்டு நிமிர்ந்த நடை, சாகசக்காரன். அதே மெட்டு 'ஃபாரெவர் ரேச்சல்' என்ற பெயரில் மெதுவாக வரும்போது அவன் எதை மறக்க முடியாமல் அலைகிறான் என்பது புரியும். சகோதரர்களின் மெட்டு பித்தளை வாத்தியங்களோடு அரச கம்பீரமாக வரும். 'காயின் சாங்' அதையே அடக்கி வாசிக்கும், நாணயம் சுண்டி அரசாட்சியை முடிவு செய்த இரவின் நினைவாக. இன்னொரு பாத்திரமான செட்சரின் மெட்டுக்கு ஜோடி 'எபிடாஃப்'. இந்த ஜோடிகளைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு கேட்பது பள்ளிப் பாடம்போல் தோன்றினாலும் முதல் தடவைக்கு அப்படிச் செய்யத்தான் சொல்வேன்.

ஓபராவில் நிதானியுங்கள். செலஸ் ஒரு பாடகியின் இடத்தில் மேடையேறுகிறாள். அங்கே பாடும் ஆரியாவின் (ஓபராவில் ஒருவர் தனியாகப் பாடும் பாட்டு) மெட்டும் அவளுடைய சொந்த மெட்டும் ஒன்றே. வேறொருத்தியாக நடித்துத் தன் மெட்டையே பாடுகிறாள். குரலைக் கவனியுங்கள். நினைவகத்தில் சொற்களுக்கு இடமில்லை, பாடல் வரிகள் திரையில் எழுத்தாக ஓடும், ஒலிப்பது இழுத்த ஒரே உயிரொலி. அந்தப் பதிவை வேகமாக ஓட்டித்தான் மேல் ஸ்வரம் கிடைக்கும். அதனால் மேலே போகப் போகக் குரல் மெலிகிறது, கீழே வர வரக் கனக்கிறது. இது குறைதான். ஆனால் மெட்டு உச்சியைத் தொடும்போது அந்த மெலிவு, நடுங்கிக்கொண்டே பாடும் ஒரு பெண்ணின் குரலாகவே காதில் விழுகிறது. நிஜப் பாடகி பாடிக் கேட்க விரும்பினால் அதே 1994-இல் மிலானில் இசைக்குழுவோடு பதிவான 'கிராண்ட் ஃபினாலே' ஆல்பம் இருக்கிறது, ஆரியா அதில் இத்தாலிய மொழியில். அதை இரண்டாவதாகக் கேளுங்கள். முதலில் கேட்டால் அசல் ஏழையாகத் தெரியும்.

மூன்றாவது தட்டில் 'டான்சிங் மேட்' வருகிறது, பதினேழரை நிமிடம். நான்கு பகுதிகள். விளையாட்டில் எதிரியின் ஒவ்வொரு அடுக்கும் வீழும் வரை அந்தந்தப் பகுதி சுழன்றுகொண்டே இருக்கும். ஆல்பத்தில் எல்லாம் ஒன்றாகத் தைக்கப்பட்டிருக்கிறது. முதல் இரண்டிலும் ஆர்கனும் கோரஸும் கலந்து அழுத்தும். மூன்றாவதில் மற்ற எல்லாம் விலகி, பாக் காலத்துத் தேவாலய ஆர்கன் பாணியில் ஒற்றை ஆர்கன் மட்டும் ஓடும். நான்காவதில் டிரம்மும் பேஸும் புகுந்து எழுபதுகளின் ப்ரோக்ரெஸிவ் ராக் ஆகிவிடும். நடுவே கோமாளி கெஃப்காவின் மெட்டு துண்டு துண்டாக எட்டிப் பார்க்கும். முதல் தட்டில் அதை மனத்தில் ஏற்றாதவருக்கு இது வெறும் நீளமான சண்டை இசை. பதினேழு நிமிடமும் எழுந்திருக்காமல் கேளுங்கள், மூன்றாம் பகுதியின் தனிமை இல்லாமல் நான்காம் பகுதியின் வேகத்துக்கு அர்த்தமில்லை.

இன்னும் உள்ளே போக விரும்புகிறவர்களுக்கு எஸ்பிசி கோப்புகள் உண்டு. ஒரு ட்ராக் ஒலிக்கும் கணத்தில் அந்த 64 கிலோபைட் நினைவகத்தை அப்படியே படம் பிடித்ததுதான் அந்தக் கோப்பு, அளவு சரியாக 66,048 பைட். விஎல்சி பிளேயர் அதை நேரடியாக ஓட்டும். சேனல்களைத் தனித்தனியே அடைக்கும் வசதியுள்ள பிளேயர்களும் இருக்கின்றன. டெர்ராவின் மெட்டில் தலைமைக் குழலை மட்டும் அடைத்துவிட்டுக் கேளுங்கள், மிச்சமுள்ளது தனக்கென்று ஒரு நடையோடு நடப்பது தெரியும். இந்தக் கோப்புகளில் ட்ராக் முடியவே முடியாது, சுழன்றுகொண்டே இருக்கும். எங்கே தேய்ந்து நிற்கவேண்டும் என்பதை டேகில் எழுதியிருக்கும் நொடிக் கணக்குதான் சொல்கிறது. அது தவறாக இருந்தால் பாதியில் வெட்டுப்படும்.

கடைசியாக, 'எண்டிங் தீம்'. 21 நிமிடத்துக்கு மேல் ஓடும். பாத்திரங்கள் ஒவ்வொருவராக வர, அவரவர் மெட்டு புது உடையில் திரும்பி வரும். இதைக் கேட்கும்போது ட்ராக் பட்டியலைப் பார்க்காதீர்கள், விளையாட்டின் காட்சியையும் ஓடவிடாதீர்கள். மெட்டு மாறும்போதெல்லாம் யார் வந்தது என்று பெயரைச் சொல்லிப் பாருங்கள். தடுமாறினால் அந்தப் பாத்திரத்தின் ட்ராக்குக்குத் திரும்பிப் போய்க் கேட்டுவிட்டு வாருங்கள். லாக்கும் செலஸும் அடுத்தடுத்து வரும் இடத்தில் மட்டும் சத்தத்தைக் கொஞ்சம் ஏற்றிக்கொள்ளுங்கள்.