கோங்க்கும் அதன் மூன்று பங்காளிகளும்

தெற்கு பிரான்ஸின் அவேரோன் மாவட்டத்தில் இருக்கும் கோங்க்குக்கு எல்லாரும் சேந்த் ஃபுவா தேவாலயத்தைப் பார்க்கத்தான் போவார்கள். வாசலுக்கு மேலே 12-ஆம் நூற்றாண்டின் இறுதித் தீர்ப்புச் சிற்பம், 124 உருவங்களுடன். சொர்க்கப் பக்கம் சாதுவாக இருக்கிறது. நரகத்தில்தான் சிற்பி உற்சாகமாகக் கைவரிசை காட்டியிருக்கிறார். வளைவின் ஓரத்தில், கல்லைப் போர்வை போல இழுத்துப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்க்கும் குட்டி முகங்களைத் தவறவிடாதீர்கள்.

ஆனால் இந்தக் கோங்க் இப்போது தனி கொம்யூன் இல்லை. (கொம்யூன் என்பது பிரான்ஸின் அடிப்படை உள்ளாட்சி, நம்மூர் ஊராட்சி மாதிரி.) 2016 ஜனவரி 1 முதல் கிரான்-வாப்ர், நோவயாக், சேன்-சிப்ரியன்-சுர்-தூர்தூ ஆகிய மூன்று ஊர்களோடு சேர்ந்து கோங்க்-ஆன்-ருவேர்க் ஆகிவிட்டது. பிரான்ஸில் அதற்கு முன்பு 36,000-க்கும் மேற்பட்ட கொம்யூன்கள். நூறு பேர் இருந்தாலும் தனி மேயர், தனி மன்றம். குறித்த காலத்துக்குள் சேர்ந்துகொண்டால் அரசு மானியம் மூன்று ஆண்டுகளுக்குக் குறையாது என்று 2015-இல் ஒரு சட்டம் வந்தது. அப்புறம் என்ன, நாடு முழுக்க ஊர்கள் கைகோத்தன.

நான்கில் அதிக மக்கள் இருந்தது சேன்-சிப்ரியனில். பெயர் மட்டும் கோங்க்குக்குப் போனது. வெளியாட்களுக்குத் தெரிந்த பெயர் அதுதானே! அந்தப் புகழுமே இரவல்தான். தேவாலயத்துக்குப் பெயர் தந்த புனித ஃபுவாவின் (சேந்த் ஃபுவா) எலும்புகளை 9-ஆம் நூற்றாண்டில் ஆஜென் நகரிலிருந்து கோங்க் துறவி ஒருவர் கிளப்பிக்கொண்டு வந்துவிட்டாராம்.

கோங்க் வழியாக ஸ்பெயினின் சந்தியாகோவுக்குப் போகும் கிறிஸ்தவ யாத்திரைப் பாதையில் தூர்தூ ஆற்றின் பழைய பாலத்தைத் தாண்டினால் செங்குத்தான ஏற்றம். மூச்சு வாங்க மேலே போய், வழியில் சின்னக் கோயிலின் மணியை அடித்துவிட்டு, மலைமுகட்டிலேயே நடந்தால் நோவயாக். ஒரு தேவாலயம், கொஞ்சம் வீடுகள், நல்ல காற்று. வேலியோரம் நின்ற பெரியவரிடம் இணைப்பைப் பற்றிக் கேட்டேன். "வரி ரசீதில் கோங்க், மற்றபடி நோவயாக்" என்றார். முறைப்படியும் ஏறக்குறைய அப்படித்தான். இப்படி இணைந்த ஊர்கள் பழைய பெயரை வைத்துக்கொள்ளலாம். துணை மேயர் ஒருவரும், பிறப்பு இறப்புப் பதிவுக்கு ஒரு கிளை அலுவலகமும் இருக்கும்.

எனக்கு இது மோசமான ஏற்பாடாகப் படவில்லை. நோவயாக் அளவு ஊருக்குச் சாலையும் குடிநீரும் தனியாகப் பார்த்துக்கொள்வது பெரிய சுமை. ஆனால் எந்தச் சாலைக்கு முதலில் தார் போடுவது என்ற பஞ்சாயத்தில் சுற்றுலா வரும் ஊரின் குரல்தான் ஓங்கும் என்றே நினைக்கிறேன்.

போகிறவர்கள் கோங்க்கிலேயே தண்ணீர் நிரப்பிக்கொள்ளுங்கள். அந்த ஏற்றம் வெயிலில் ஆளைப் படுத்திவிடும்.